மேசைக்கு அடியில் நான்

ரவுட்டர் என்றால்
வீட்டுக்குள் இணையம் கொண்டுவரும் பெட்டி அல்ல.
பலகையின் விளிம்பைக் கடித்துப் பள்ளம் பறிக்கிற இயந்திரம்.
நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று.
இதுவரை கைப்பிடி இரண்டையும் பற்றிக்கொண்டு ஓட்டினோம்.
இன்று அதைத் தலைகீழாகத் தொங்கவிடப் போகிறோம்,
அலகு மட்டும் மேசைக்கு மேலே எட்டிப்பார்க்க,
உடம்பெல்லாம் கீழே, இருட்டில்.

கீழே இருட்டில் நானும் இருக்கிறேன்.
ஸ்ட்ராண்டிர்க் கரை, நவம்பர், பிற்பகல் மூன்றரை.
கொட்டகையின் சிமெண்டுத் தரை
ஸ்வெட்டரைத் தாண்டி முதுகைத் தொடுகிறது.
நெஞ்சுக்கு நேர்மேலே
என் இரு உள்ளங்கையில் நாலரைக் கிலோ மோட்டார்.

மேலே ஹ்ரெப்னா.
தட்டின் நடுவிலுள்ள வட்டத் துளை வழியே
அவளுடைய ஒரு கண்.
பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில்
அந்தக் கண் என்னை இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.
பார்ப்பது என்னை அல்ல, மரையை.

"ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம், ஸ்டைன்தோர்."
யாருடைய இடம்?
"அதனுடைய இடம்."
தலைகீழாய் நிற்பதற்கு
எது இடம் எது வலம் என்று
எங்களுக்குள் ஒரு சச்சரவு கிளம்பியது.
மோட்டார் கனத்ததால் சீக்கிரம் முடிந்தது.

நான்கு திருகு.
பெட்டியோடு வந்தவை நீளம் கூடியவை,
முழுதும் இறங்கினால் உள்ளே எதையாவது குத்தும்.
பழைய டப்பாவில் கிடந்தவையோ குட்டை,
இரண்டே மரையில்
நுனிவிரலால் தொற்றிக்கொண்டு நிற்கும்.
எனவே அவள்
துளைக்குள் தீக்குச்சியை விட்டு
ஆழத்தை நகத்தால் கிள்ளி வைத்து
தட்டின் கனத்தைக் கூட்டி
நான்கையும் இரும்பு ரம்பத்தால் அறுத்திருந்தாள்.

எதிரெதிர் மூலையாக இறுக்கினாள்.
மூன்று போதாதா என்றேன், மணிக்கட்டு நடுங்க.
நான்காவது இறுகும் சத்தம்தான் பதில்.

"விடு."
விடவில்லை.
"விடு, நிற்கும்."
விரல் விரலாக எடுத்தேன். நின்றது.
என் கைகள் மட்டும் கொஞ்ச நேரம்
அங்கேயே ஏந்திக்கொண்டிருந்தன, ஒன்றையும் ஏந்தாமல்.

பிறகு அலகு.
அடிவரை செருகி
ஒரு பார்லி மணியளவு மேலே இழுத்து
இரண்டு ஸ்பானரால் முறுக்கினாள்.
தட்டும் மேசையும் சேரும் கோட்டில்
நூலக அட்டையை ஓட்டிப் பார்த்தாள்.
ஒரு மூலையில் தடுக்கியது, கால் சுற்று.
மறுபடி ஓட்டினாள். தடுக்கவில்லை.

சைபீரியாவிலிருந்து மிதந்து வந்து
எங்கள் கரையில் ஒதுங்கிய மரம்,
கோழிக்கூண்டு ஜன்னலுக்கு.
வலமிருந்து இடமாக, அலகுக்கு எதிராகத் தள்ளினாள்.
முதல் பலகை பாதி கடந்தபோது
கடற்காற்று எங்கோ ஒரு கம்பியை அறுத்தது.
விளக்கு போனது. இயந்திரம் முனகி முனகி ஓய்ந்தது.

அலகோரம் ஒரு சிராய் சிக்கியிருக்கிறது என்றாள் இருட்டில்.
அதை எடுக்கக் கை நீட்டும் முன்
ஒரே சொல்: "பிளக்."
மின்சாரமே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன்.
ரவுட்டரின் சொந்த ஸ்விட்ச்
மேசைக்கடியில், எட்டாத இடத்தில்,
பூட்டிய நிலையிலேயே இருந்தது.
பிடுங்கினேன்.
எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அவள் சிராயை நெம்பிக்கொண்டிருந்தாள்,
பெருவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே அலகு.

அப்போது வந்தது.
விளக்கு, தூசி உறிஞ்சி, சுவரிலிருந்த ஹீட்டர்,
எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தன.
வானொலி நடுவாக்கியத்திலிருந்து
காட் மீன் விலையைச் சொல்ல ஆரம்பித்தது.
அவள் விரல்களுக்கிடையில் அலகு
அசையவில்லை.

என் உள்ளங்கையில் இரண்டு முள் பதிந்திருந்தன.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள்.
சிராயைத் தரையில் போட்டாள்.
விரல்களை விரித்து, மடக்கி,
பத்து என்று எண்ணியவள் போல இருந்தாள்.

செருகலாமா என்றேன்.
"நான் கேட்கும்போது."

காபி குடித்தாயிற்று.
காற்று தணிந்துவிட்டது.
இன்னும் கேட்கவில்லை.